மத்தி வறுத்த ஸ்ரீரங்கத்துத் தோசைக்கல்

என் சமையலறையில் ஒரு தோசைக்கல் இருக்கிறது. நான் இருப்பது பொன்மலையில். கல்லின் பிறந்த வீடு ஸ்ரீரங்கத்தில், வெங்காயம்கூட வாசற்படி தாண்டாத ஓர் ஐயங்கார் வீடு. பல வருடங்கள் அடையும் வெந்தய தோசையும் வார்த்து வழவழவென்று ஆன கல் அது. என் வீட்டில் அதில் மத்தி மீனைத் தவிர வேறு எதையும் வைப்பதில்லை. இந்த அநியாயம் எப்படி நடந்தது என்று கேட்டால், நான் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பாடம் எடுத்த கல்லூரியில் எல்லா ஆண் ஆசிரியர்களும் சார்தான். ஆனால் பெயர் சேர்க்காமல் வெறும் ‘சார்’ என்றால் அது அவர் ஒருவர்தான்.

அவர் விலங்கியல், நான் வேதியியல். இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கும் நடுவில் ஒரு சுவர். என் அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் எங்கள் குவார்ட்டர்ஸில் மீன் குழம்பு கொதிக்கும். சார் மீனை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் மீனின் வயிற்றைக் கிழித்து, அது கடைசியாக என்ன தின்றது என்று பார்ப்பதே அவர் தொழில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “ஏன் சார், திருச்சியில கடலும் இல்ல, உங்க வீட்டுல மீனும் இல்ல. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?” என்று சேர்ந்த புதிதிலேயே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “எம்பெருமானே முதல்ல மீனாத்தானே டீச்சர் வந்தார்!” என்று சிரித்தார். அவர் வீட்டு மாமி அப்படிச் சிரித்துவிடவில்லை. மீன் அறுத்த நாளில் சார் கொல்லைப்புற வழியாகத்தான் வர வேண்டும், அங்கேயே ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் உள்ளே காப்பி.

அவர் மனசு முழுக்க ஒரே கேள்விதான் இருந்தது. கடல் சூடாகிக்கொண்டு வருகிறது; அதனால் மத்தி இளைக்கிறதா? கடல்நீரின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் மிதக்கின்றன. அவற்றைத் தின்றுதான் மத்தி கொழுக்கிறது. “மத்திங்கறது மேயற மாடு டீச்சர். அந்தப் பாசி அதுக்குப் புல்லு” என்பார். கடலின் மேல்தண்ணீர் சூடானால் அந்தப் புல்லுக்கு என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். “வாளியில பச்சைத் தண்ணி இருக்கு. மேல வெந்நீரை மெதுவா விட்டுட்டுக் கலக்காம இருந்தா, சூடு மேலயே நின்னுடறதோல்லியோ? கடலும் அப்படித்தான். பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் அடியில கிடக்கறது. கலந்தாத்தானே மேல வரும்?” சத்து வராவிட்டால் கொழுத்த பாசி குறைந்து பொடிப்பாசி மட்டும் மிஞ்சும், மத்திக்கு வயிறு நிறைந்தாலும் உடம்பு தேறாது என்பது அவர் சந்தேகம். சந்தேகம் தீர வேண்டுமானால் ஒரே கரையில், ஒரே பருவத்தில் பிடித்த மீனை வருடா வருடம் விடாமல் பார்க்க வேண்டும். ஒரு வருடம் விட்டாலும் சங்கிலி அறுந்துபோகும் என்று பயப்படுவார்.

ஐப்பசிதான் அவர் தேர்ந்தெடுத்த மாதம். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஐஸ் பெட்டியில் மத்தி பஸ்ஸில் வந்து இறங்கும். புரட்டாசி விரதம் முடித்த சனமெல்லாம் திருச்சி மீன் மார்க்கெட்டில் முண்டியடிக்கும் அதே நாட்களில், இவர் பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்குக் காத்து நிற்பார். அவர் மீனின் வயிற்றைக் கிழிப்பார். சதையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது என் வேலை. பிரித்து முடிக்க எனக்கு நாளாகும். அவருக்கோ பொறுமை கிடையாது. சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பார். தொல்லை தாங்காமல், “எங்க வீட்டுல ஐப்பசி மத்திக்கு எண்ணெயே ஊத்த மாட்டோம் சார். வெறும் கல்லுல போட்டா தன் எண்ணெயிலேயே வெந்து தானா விட்டு வரும். இளைச்ச மீனா இருந்தா ஒட்டிக்கும். வேணும்னா வறுத்துப் பாத்துக்குங்க!” என்று சீறினேன். சீறியதற்குத் தண்டனை மறுநாளே வந்தது. மஞ்சள் பையில் தோசைக்கல்லோடு வந்து நின்றார். மாமியிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். “கொண்டு போங்கோ. ஆனா போன கல்லு திரும்பி ஆத்துக்குள்ள வரப்படாது” என்று சொல்லித்தான் மாமி கொடுத்தாளாம்.

அன்றிலிருந்து எங்கள் வேதியியல் கூடத்தில் ஐப்பசி தோறும் மீன் வறுவல். பழைய எண்ணெய் பொட்டுகூட இருக்கக் கூடாது என்று கல்லைப் புளி போட்டு அவரே தேய்ப்பார். பச்சை மீனின் வாடை அவருக்குப் பழக்கம், வறுக்கும் வாசனை மட்டும் ஆகாது. அடுப்பை மூட்டியதும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிடுவார். அங்கிருந்தே குரல் கொடுப்பார்: “ஒட்டித்தா?”

“ஒட்டலை சார்!”

“சாப்டுப் பாருங்கோ. போன வருஷத்துக்கு எப்படி இருக்கு?”

அவருடைய நாக்கு நான்தான். துறைத் தலைவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், “ஆராய்ச்சி நடக்கிறது” என்று சார் வராந்தாவிலிருந்து கம்பீரமாகச் சொல்வார். உள்ளே நான் முள்ளைத் துப்பிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிப்பு வருகிறது.

போகப் போகச் சிரிப்பு குறைந்தது. ஓர் ஐப்பசியில் மீன் லேசாக ஒட்டியது. அடுத்த வருடம் தோல் கல்லோடு போனது. நடுவில் ஒரு வருடம் கொஞ்சம் தேறியது, அதற்கடுத்து மறுபடியும் ஒட்டியது. நான் பிரித்த எண்ணெயும் அதையேதான் சொன்னது. அவர் பார்த்த வயிறுகளில் கொழுத்த பாசி குறைந்துகொண்டே வந்தது. “ஒட்டித்தா?” என்று கேட்கும் குரலில் இறக்கம் வந்துவிட்டது. தன் சந்தேகம் சரி என்று தெரிந்து ஒரு மனிதர் இப்படி வாடிப்போனதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மீன் நின்றது. மத்தி இளைத்துவிட்டது என்று இவர் எழுதிப் போட்டால் மீன்பிடித் தடைக்காலத்தை இன்னும் நீட்டிவிடுவார்கள் என்று யாரோ கரையில் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, பெட்டி வரவில்லை. சாருக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் போய்ப் பேசுவோம் என்று நானும் கூடப் போனேன். கையில் தோசைக்கல்லையும் எடுத்துக்கொண்டேன். கல்லைக் காட்டினால் புரியும் என்று நினைத்தேன்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். சார் வாளியையும் வெந்நீரையும் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். படகு விடுகிறவர்கள்மேல் குற்றம் இல்லை, சூடேறிய கடல்தான் மீனை இளைக்க வைக்கிறது என்பதை நிரூபிக்கத்தான் இந்த மீன் வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த தலைவர் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, நீங்க மீன் சாப்புட்டிருக்கீங்களா?”

“இல்லை.”

கூட்டம் சிரித்தது. யாரோ உள்ளே போய் ஒரு தட்டில் வறுத்த மத்தியைக் கொண்டுவந்து சார் முன்னால் வைத்தார்கள். “சாப்புட்டுப் பாத்து நீங்களே சொல்லுங்க, எளைச்சிருக்கா இல்லையான்னு. நாளைக்கே பெட்டி அனுப்புறோம்” என்றார் தலைவர். கிண்டல் பாதி, சவால் பாதி. சாப்பிட்டால் அவர் அவராக இருக்க முடியாது. சாப்பிடாவிட்டால் அத்தனை வருடச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். சார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கை மடியிலிருந்து எழுந்ததை நான் பார்த்தேன்.

எழுந்த கை தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தியது. “நான் சாப்பிட்டா அது பொய்சாட்சி ஆயிடும்” என்றார். “இன்னிக்கு முதல் தடவை சாப்பிடறவனுக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு எப்படித் தெரியும்? எனக்கு இந்த இளைச்ச மத்திதான் மத்தி. பிரமாதம்னு சொல்லிட்டுப் போயிடுவேன். நாளைக்கு உங்க பேரக் குழந்தைகளும் அப்படித்தான் சொல்லப் போறா. அதுதான் எனக்குப் பயம். இவாளைக் கேளுங்கோ. இவா பழசும் சாப்பிட்டிருக்கா.”

யாரும் சிரிக்கவில்லை. நான் ஒரு மீனைப் பிய்த்து வாயில் போட்டேன். “எண்ணெய் பத்தலைண்ணே. உங்களுக்கே தெரியும்ல?” என்றேன். தலைவர் தட்டிலிருந்த மீனின் தோலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “தெரியும்” என்றார். தோசைக்கல்லைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. மறுவாரம் பெட்டி வந்தது.

திரும்பும் பஸ் தஞ்சாவூரைத் தாண்டியது. சார் மெதுவாக, “கை போயிடுத்து டீச்சர், பார்த்தேளா?” என்றார். “பார்த்தேன் சார்.” “மீன் நின்னுடுமேன்னு பயம். எம்பெருமான்கிட்ட அப்புறமா மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு தோணிடுத்து. அவர் மன்னிச்சுடுவார். ஆனா நான் சாப்பிட்டிருந்தா, மத்தி இளைச்சுதாங்கற கேள்விக்குப் பதில் கிடைச்சிருக்காதே.” மாமி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த பிரியத்தை அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன்.

அவர் ஓய்வு பெற்றதும் மீன்பெட்டி நின்றது. தோசைக்கல் அவரோடு வீட்டுக்குப் போக முடியாதே! மாமியின் உத்தரவு அப்படியேதான் இருந்தது. அதனால் என்னோடு வந்தது. “ஐப்பசியில ஒரு தடவையாவது வறுத்துப் பாருங்கோ. யாராவது ஒருத்தருக்கு நாக்குல ஞாபகம் இருக்கணும்” என்று கேட்டுக்கொண்டார். இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அவருக்குக் காது மந்தம். காலையில் கொள்ளிடக் கரையில் ஒரு நடை, அப்புறம் சேவிக்கக் கோயிலுக்கு. ஆனால் புரட்டாசி முடிந்தால் போதும், போன் வந்துவிடும். “ஒட்டித்தா?” நானும் மார்க்கெட்டில் நாகப்பட்டினத்து மத்தியாகத் தேடி வாங்கி, வெறும் கல்லில் போட்டு, தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, “ஒட்டிருச்சு சார்” என்று கத்துவேன். மிச்ச மீனை எண்ணெய் ஊற்றி வறுத்துக் கொடுத்தால் என் மகள், “செம்மயா இருக்கும்மா!” என்று தட்டை வழிப்பாள். அவளுக்கு அதுதான் மத்தி. அவள் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சங்கக் கட்டடம் ஞாபகம் வரும்.

இந்த ஐப்பசியில் கல்லைத் தேய்த்துக் காயவைத்து மத்தியை வைத்தேன். சுரண்டக் கரண்டியும் தயாராக எடுத்து வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் கசிந்தது. பிறகு மீனைச் சுற்றிக் குளம் கட்டிச் சடசடத்தது. திருப்பினால் மீன் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. “வாடி, வந்து சாப்பிடுடி!” என்று மகளை இழுத்து உட்கார வைத்தேன். ஒரு வாய் எடுத்தாள், முகத்தைச் சுளித்தாள். “என்னம்மா, ஒரே எண்ணெயா இருக்கு? கெட்டுப்போன மீனா? எனக்கு வேணாம்.” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சாருக்குப் போன் போட்டேன்.

“ஒட்டித்தா?”

“ஒட்டலை சார்! ஒட்டவே இல்லை!”

மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு விஞ்ஞானிக் குரல் வந்துவிட்டது. “ஒரு கூடை மீனை வெச்சுண்டு கடல் தேறிடுத்துன்னு யாருக்கும் சொல்லிடாதேங்கோ. ஒரு நல்ல வருஷம், அவ்வளவுதான். குழந்தை சாப்பிட்டாளா?”

“எங்க சார்! கெட்டுப்போன மீன்னு தள்ளிட்டா!”

“அவளைக் கோச்சுக்காதேங்கோ. முதல் தடவை. எதோட ஒப்பிட்டுப் பார்ப்பா, பாவம்? நாளைக்கும் வறுங்கோ.”

மறுநாளும் போய் வாங்கி வந்தேன். மகள் சமையலறைப் பக்கமே வரவில்லை. வாசனை போய் இழுத்திருக்க வேண்டும். கல்லிலிருந்து எடுத்து வைத்ததும் பின்னால் வந்து நின்று ஒரு துண்டைப் பிய்த்தாள். மென்றாள். இன்னொரு துண்டைப் பிய்த்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அம்மா, நேத்து இதைவிட எண்ணெய் ஜாஸ்தியா இருந்துச்சுல்ல?” என்றாள். “நேத்து மீன்தான் நல்லா இருந்துச்சு.”

அப்படியே அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தேன். கை முழுக்க மத்தி எண்ணெய். திரையில் எத்தனை தடவை அழுத்தியும் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.