களிமண் மனிதன் இறங்கிய குழி

அந்தக் கார்ட்டூனின் பெயர் எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு இணைப்புக் கொடுத்த கேபிள்காரர், மதிய நேரத்தில் தன் சொந்தச் சேனலில் கையில் அகப்பட்ட கேசட்டையெல்லாம் ஓடவிடுவார். யாருடைய கல்யாண வீடியோவோ பாதியில் நிற்கும், குஸ்தி வரும், அதற்குப் பிறகு அது வரும். வாய் இல்லாத ஒரு களிமண் மனிதன். பேச்சே கிடையாது, தகரத்தைத் தட்டுவது போல ஓர் இசை மட்டும். ஒவ்வொரு கதையிலும் அவனை யாராவது துரத்துவார்கள். அவன் தரையில் ஒரு குழியைக் கண்டுபிடித்து இறங்குவான். அடுப்புக்குள்ளிருந்தோ, யாருடைய சட்டைப் பையிலிருந்தோ வெளியே வருவான்.

எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்து. இருவரும் கண் கொட்டாமல் பார்த்தோம். என்னோடு படித்தவர்களில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. இணையத்திலும் தேடிவிட்டேன். கிடைத்தால் பார்க்கிற தைரியம் எனக்கு இருக்கிறதா என்று தெரியாது.

அப்பா பழனியில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். வாரம் ஒருநாள் வருவார். அந்த வாரம் கூட்டம் என்று வரவில்லை. தங்கை என்னைப் படம் பார்க்கவிடாமல் நச்சரித்தாள்.

“அண்ணே, அப்பா எப்பண்ணே வருவாரு?”

“நம்ம தொட்டிக்குள்ள எறங்கி நேராப் போ. அப்பா லாட்ஜுல போய் ஏறலாம். இவன் போறான்ல, அது மாதிரி.”

“நெசமாவா?”

“ஆமா. செத்த நேரம் பேசாம இரு.”

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவது பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. அதனால் வீட்டுக்கு வீடு தரைக்கு அடியில் தொட்டி. தண்ணீர் வரும் முறை நாளில் அடியில் கிடக்கும் பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவி, காயட்டும் என்று மூடியைத் திறந்து போட்டிருப்பார்கள். எங்கள் தொட்டியின் வாய் முற்றத்தில் இருந்தது. உடல் சமையலறைக்கு அடிவரை நீண்டு போனது. மேலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும். இறங்குவதற்குச் சுவரில் இரும்புப் படிகள் உண்டு. தண்ணீர் வரும்போது வீட்டுக் குழாய் நேராக அதற்குள் கொட்டும்.

“தண்ணி வந்துருச்சு!” என்று தெருவில் சத்தம் கேட்டது. அன்று எங்கள் தொட்டியும் கழுவித் திறந்து கிடந்தது. குடிக்கப் பிடிக்கும் தண்ணீருக்காக அம்மா தெருக்குழாய்க்கு ஓடினாள். ஓடும் முன், பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதே என்று தொட்டியின் இரும்பு மூடியை இழுத்து அடைத்து, பழைய தண்ணீர் நிறைந்த குடத்தை அதன்மேல் தூக்கி வைத்தாள்.

இரண்டாவது நடை வந்தபோது கேட்டாள்: “ஏலே, பாப்பா எங்க?”

நான் டிவியிலிருந்து திரும்பினேன். தங்கை பக்கத்தில் இல்லை. முற்றத்துக்கு வந்தேன். தொட்டி மூடிக்கு அருகில் அவளுடைய செருப்பு, ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

நான் வாய் திறக்கவில்லை. சொன்னால், இறங்கச் சொன்னது யார் என்று அம்மா கேட்பாள்.

அம்மா அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அந்த வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடியே சொன்னது முற்றம் வரை கேட்டது.

“இங்கிட்டு வரலயே. தண்ணி வந்தா பெத்த பிள்ளையக்கூட மறந்துருவீகளே!”

அம்மா எதிர்வீட்டுக்குப் போனாள். பிறகு முக்குக் கடைக்கு. நான் முற்றத்திலேயே நின்றேன். கால்களுக்குக் கீழே தண்ணீர் விழும் சத்தம். ஆரம்பத்தில் வெறும் சிமெண்டில் விழுந்து அறைந்த சத்தம், இப்போது தண்ணீரின் மேல் தண்ணீர் விழும் கனத்த சத்தமாக மாறியிருந்தது. தட்டும் ஒலி ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

“அம்மா, தொட்டிக்குள்ள!”

“நாந்தானடா மூடுனேன். உள்ள யாரும் இல்லையே.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் செருப்பு கண்ணில் பட்டது. குடம் உருண்டது. மூடியைத் தள்ளினோம்.

தங்கை படியில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். ஏறிய பிறகும் தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அம்மா அவள் முடியைப் பிடித்துத் தூக்கினாள்.

“அண்ணே, அந்தப் பக்கம் செவருண்ணே,” என்றாள் என்னைப் பார்த்து.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பழனியிலிருந்து வந்த அப்பா, மூடும்போது குனிந்து பார்க்கத் தெரியாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அது போதுமானதாக இருந்தது.

தங்கைக்கு இன்று அதெல்லாம் நினைவில்லை. அம்மா மட்டும், என் மகள் வாளிப் பக்கம் போனாலே, “நாந்தான் பாக்காம மூடுனேன்” என்று ஆரம்பித்துவிடுகிறாள். இரண்டு வீடும் கடையும் தேடி வரும்வரை நான் பேசாமல் நின்றதை அவள் அறியமாட்டாள். என் மகள் இரண்டு நிமிடம் கண்ணில் படாவிட்டால் நான் முதலில் தொட்டி மூடியைத் திறந்து பார்ப்பது ஏன் என்றும் அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. கண்ணில் புரை விழுந்துவிட்டது. எழுதி முடித்த இதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.