வல்லக்கோட்டை அம்மன் சாய்ந்த கதை

வல்லக்கோட்டைக் காட்சியறையில் இருக்கும் கல் அம்மன் சென்னைக்குப் போகவில்லை. அறையின் காப்பாளர் கஸ்தூரி எழுதி, புதன்கிழமை எனக்கு வந்த அஞ்சலட்டை இதை உறுதி செய்கிறது. 'இப்போதைக்கு' என்ற சொல்லை மட்டும் அவர் அடிக்கோடிட்டிருக்கிறார்.

நான் அங்கே போனது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. எனக்கு வார விடுமுறை. இரண்டு மாதம் முன்பு நிலம் லேசாக ஆடியபோது எங்கள் அலுவலகத்தில் தேநீர்க் குவளைகள் குலுங்கியதோடு சரி. வல்லக்கோட்டையில் ஒரு சிலைக்குக் கணுக்காலில் விரிசல் விட்டது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

பாரிமுனையில் காலை 6.10 பேருந்து. ஸ்ரீபெரும்புதூர் நாற்பது கிலோமீட்டர்; கட்டணம் மூன்று ரூபாய் அறுபது காசு. 7.50க்கு இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு, 8.20க்கு ஒரகடம் போகும் பேருந்தைப் பிடித்தேன். வல்லம் தாண்டியும் இருபுறமும் வயல்தான்.

"மியூசியமா? இன்னிக்குத்தான் சார் ஒருத்தர் அத்த கேக்கறீங்க," என்றார் நடத்துனர். "முருகன் கோயில் ஸ்டாப்புலயே எறங்கிக்கங்க. அந்தம்மா ஒம்போதுக்குத்தான் தொறக்கும்."

சரியாக ஒன்பதுக்குத் திறந்தது. ஏரியைத் தூர்வாரும்போது கிடைத்த பதினோரு சிலைகள். நடுவில் மூன்றடி உயர அம்மன். முன்பு பாதத்தைப் பீடத்தோடு சிமெண்ட் போட்டு இறுக்கியிருந்தார்களாம். நிலம் ஆடிய அன்று பாதம் பீடத்தோடு நகர, மேலுடம்பு பின்தங்க, கணுக்கால் தாங்கவில்லை. கஸ்தூரி சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, பீடத்தைத் தாழ்த்தி, சிலைக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் வில்லை வைத்திருந்தார். ஆட்டத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

முதல் வேலையாக, சிலை நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு தீக்குச்சி கனத்துக்குச் சிலை பின்னால் சாய்ந்திருந்தது.

"ஒரு வாரமா இப்படித்தான் சார். தரை எறங்குதோன்னு பயமா இருக்கு. திங்கக்கெழம மேலதிகாரி வர்றார். சாஞ்சிருந்தா சென்னைக் கிடங்குக்கு ஏத்திடுவார்."

"சரியானதும் திருப்பி அனுப்புவார்களே?"

"இங்கேருந்து போன ரெண்டு சிலை இன்னும் வரலை."

9.40க்கு ஏழுமலை சைக்கிளில் வந்தார். வல்லத்துக்காரர், அம்பத்தூரில் ரப்பர் பட்டறையில் வேலை. வில்லைகள் அவர் கொண்டுவந்தவை. குனிந்து முன்பக்க வில்லையை நகத்தால் அழுத்தி, விரலை மோந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது, நல்லெண்ண வாசன வருது?"

நடவுக்குப் போகிற வழியில் பச்சையம்மா என்பவர் வாசலில் நின்றிருந்தார். கையில் சின்ன எண்ணெய்ப் புட்டி.

"அம்மா காலு வறண்டு கெடக்குதேன்னு வெள்ளிக்கு வெள்ளி ஒரு சொட்டு வெப்பேன். தப்பா?"

கஸ்தூரி அவரை முறைத்தார்.

"இது சாதா ரப்பரு," என்றார் ஏழுமலை. "எண்ணெ குடிச்சா பூரி மாதிரி உப்பிக்கும். முன்னாடி ரெண்டும் உப்பிக்கினு கீது, அம்மா பின்னால சாயுது. நீ சாமிக்கு எண்ணெ வெச்சியா, வண்டிக்கு கிரீஸ் அட்ச்சியா?"

"உன் வாயிக்கு மொதல்ல கோந்து வெக்கணும்டா."

ஏழுமலை சிரித்தார். பிறகு மறுபடி வில்லையைப் பார்த்தார். "வெள்ளிக்கு வெள்ளி ஒரு சொட்டுல இவ்ளோ உப்பாதே."

கஸ்தூரி தூக்குக்குண்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மத்த நாள்ல நான் வெப்பேன். தெனம் குண்டு பார்த்து முடிச்சதும்."

"அடிப்பாவி," என்றார் பச்சையம்மா. "அப்ப என்ன எதுக்கு அந்த மொற மொறச்ச?"

உப்பிய வில்லைகளை எடுக்கச் சிலையை இறக்க வேண்டும். அதற்கு வயலிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டி வந்தவரும் பச்சையம்மாதான். விரிசல் விட்ட காலுக்கு இருபுறமும் மரச்சட்டம் வைத்துப் பழைய வேட்டியால் கட்டி, மூங்கிலும் கயிறும் கொண்டு இறக்கி, மணல் பரப்பி அம்மனைப் படுக்க வைத்தார்கள். முடியும்போது பன்னிரண்டரை. அதிகாரியிடம் என்ன சொல்வீர்கள் என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"நான் வெச்ச எண்ணெய்னு சொல்லிடுவேன். ஊர்க்காரங்க மேல போட்டா, இங்க பாதுகாப்பு இல்லன்னு செலைய நாளைக்கே ஏத்திடுவாங்க."

3.15 பேருந்தில் திரும்பினேன். பாடுபட்டுக் காப்பாற்றிய பொருளைக் கையில் இருக்கும் பிரியமே சாய்த்துவிடும் என்று அன்றுதான் பார்த்தேன். போகிறவர்கள் கிருத்திகை நாளைத் தவிர்க்கலாம். பேருந்தில் நிற்க இடம் இருக்காது. அறை பகல் ஒரு மணிக்கு மூடி இரண்டுக்குத் திறக்கும். சாப்பாட்டை ஸ்ரீபெரும்புதூரிலேயே கட்டிக்கொள்வது நல்லது.

கஸ்தூரி சொன்னபடியே சொல்லியிருக்கிறார். அதிகாரி திட்டினார், எழுத்தில் விளக்கம் கேட்டார், சிலையை விட்டுப் போனார். எண்ணெய் குடிக்காத வேறு ரப்பரில் வில்லைகள் வரும் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று ஏழுமலை சொல்லியிருக்கிறார். அம்மனை நிறுத்தி ஒரு வாரம் தூக்குக்குண்டு பார்க்க வேண்டும். அதற்கடுத்த திங்கட்கிழமை அதிகாரி மறுபடி வருகிறார். இருப்பதா போவதா என்பது அன்று தெரியும். அதுவரை எண்ணெய் வைக்க வாசலுக்கு வெளியே ஒரு வெறுங்கல் போட்டிருக்கிறார்கள். முதல் சொட்டு தன்னுடையது என்று கஸ்தூரி எழுதியிருக்கிறார்.