செல்விக்கு அடம் சொல்லிக்கொடுத்த கோடை

எவர்சில்வர் தட்டு ஒன்று சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம். அதைத் தொடர்ந்து குழாய்த் தண்ணீர், தேங்காய் நாரின் சரசரப்பு, மறுபடியும் தட்டு. செல்வி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளை நினைத்தால் அவள் முகம் வருவதற்கு முன்னால் எனக்கு இந்தச் சத்தம்தான் வருகிறது. ரசம் சாதத்தை நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போய், ஐந்து வயதுகூட நிரம்பாத அந்தக் குழந்தை தன் தட்டைத் தானே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, என் தட்டுக்காகக் கையை நீட்டினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தட்டுகளை மனிதர்கள்தான் கழுவுகிறார்கள் என்ற செய்தியே எனக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. தட்டைக் கொடுத்துவிட்டேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, அவளைப் பார்த்து உருகினாள், என்னைப் பார்த்து எரிந்தாள். இரண்டையும் ஒரே பார்வையில் செய்யப் பள்ளிக்கூட ஆசிரியைகளால்தான் முடியும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை அது. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப் "போர்ஷன்" ஒன்றில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். எனக்குப் பிறகு அம்மாவுக்குக் குழந்தை பிறக்க வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அப்பா, அம்மா இருவருக்கும் ஒரு பெண் வேண்டும் என்ற ஆசை போகவில்லை. என்னை ஒன்பது வருடம் வளர்த்த பிறகும் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று தோன்றியதே பெரிய மன உறுதிதான். என் சம்மதத்தையும் கேட்டார்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போய், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய் வாங்கிக் கொடுத்து, "தத்து எடுத்து ஒரு தங்கச்சி வந்தா உனக்கு எப்படிடா இருக்கும்?" என்று கேட்டார் அப்பா. கிரிக்கெட் பந்து பொறுக்கிப் போட ஓர் ஆள் கிடைக்கிறது என்ற எண்ணத்தில், வாயில் மாங்காயோடு, பெருந்தன்மையாகச் சம்மதித்தேன்.

வட சென்னையில் இருந்த ஒரு "ஹோம்" மூலம் ஏற்பாடு நடந்தது. அங்கிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர் சரோஜா மேடம். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை, பஸ் பயணத்தில் கலைந்த தலை. தமிழாசிரியையான என் அம்மா, வரப்போகும் பெண்ணுக்கு வைக்க எட்டுத் தூய தமிழ்ப் பெயர்களை எழுதி வைத்திருந்தாள். மேடம் அந்தத் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ ரெண்டு கவுனும் ஒரு பேரும் எடுத்துக்கிட்டு வர்றா டீச்சர். கவுன் எப்படியும் சின்னதாயிடும். பேரையாவது விட்டு வைங்க."

செல்வி செல்வியாகவே இருந்துவிட்டாள். தத்து எடுத்ததை ஒளிக்காதீர்கள், தெரு உங்களிடம் வந்து சொல்வதற்கு முன்னால் நீங்கள் தெருவுக்குச் சொல்லிவிடுங்கள் என்பது மேடத்தின் இன்னொரு அறிவுரை. அப்பா அதைச் சற்று அதிகமாகவே கடைப்பிடித்து, பால்காரரிலிருந்து கீழ் வீட்டுத் தையல்கார பாய் வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாய் அன்று மாலையே அளவு நாடாவோடு மேலே வந்துவிட்டார்.

கோர்ட் உத்தரவு வர மாதங்கள் ஆகும். அதுவரை செல்வி எங்களிடம் இருப்பாள். மேடம் மாதம் ஒருமுறை வந்து பார்த்து "ரிப்போர்ட்" எழுதுவார். அந்த ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவள் எங்கள் பெண் ஆவதும் ஆகாததும் என்று அப்பா நம்பினார். எங்களுக்கோ கவலையே இல்லை என்று தோன்றியது. அப்படி ஒரு குழந்தை! காலையில் எழுந்ததும் போர்வையை நான்காக மடிப்பாள். எதையும் கேட்க மாட்டாள். கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கொடுக்காவிட்டால் சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா அவளுக்கு "மிஸ்", அப்பா "சார்". கீழே விழுந்து முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தபோதுகூடச் சத்தம் போடாமல் தானே போய்க் கழுவிக்கொண்டாள். வந்த அத்தைகள் எல்லாம் "சமத்துன்னா இதுல்ல சமத்து" என்று சொல்லி, சொல்லி முடித்ததும் தவறாமல் என் பக்கம் திரும்பினார்கள்.

இரண்டே இரண்டு விஷயங்கள்தான் விசித்திரமாக இருந்தன. பிஸ்கெட் கொடுத்தால் பாதியைக் கவுன் பையில் போட்டுக்கொள்வாள்; எறும்பு வரும். வாசலில் விட்ட செருப்பைப் படுக்கும்முன் எடுத்து வந்து தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்ட அம்மாவிடம், "எப்ப போவணும் மிஸ்?" என்று திருப்பிக் கேட்டாள். பஸ் எப்போது வரும் என்று கேட்கிற குரல்.

முதல் மாதம் முடிந்து மேடம் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக, "அடம் பிடிக்கிறாளா?" என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவைகூட இல்ல மேடம்!"

மேடத்தின் முகம் வாடியது. "விருந்தாளிங்கதான் சார் அடம் பிடிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டில் ஏதோ இரண்டு வரி எழுதிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த இரண்டு வரி அப்பாவைத் தூங்க விடவில்லை. அவர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஃபைலில் ஒரு குறை எழுதப்பட்டுவிட்டால், அடுத்த "இன்ஸ்பெக்ஷ"னுக்குள் அதை நிவர்த்தி செய்து காட்ட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். குழந்தை அடம் பிடிக்கவில்லையா? பிடிக்க வைத்தால் போயிற்று. அதற்குத் தகுதியும் அனுபவமும் உள்ள ஓர் ஆசிரியர் வீட்டிலேயே சும்மா இருக்கிறாரே என்று அப்பா என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் என் திறமையை மதித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அம்மா மட்டும், "கெட்டுப்போக இந்த வீட்டுல ஒருத்தன் போதாதா?" என்றாள்.

மொட்டை மாடியில் வகுப்பு தொடங்கியது. உதட்டைப் பிதுக்குவது, காலை உதைப்பது, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சிவக்க வைப்பது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். தரையில் புரள்வது மறுநாள் பாடம். நான் புரண்டு காட்டினேன். செல்வி கீழே போய்த் துடைப்பம் எடுத்து வந்து, புரள வேண்டிய இடத்தைப் பெருக்கிவிட்டுப் புரண்டாள். பிறகு எழுந்து கவுனை நீவிவிட்டுக்கொண்டு, "செரியா கீதாண்ணா?" என்றாள்.

"புரளும்போது எனக்கு அது வேணும்னு கத்தணும்" என்றேன்.

"இன்னா வேணும்னு?"

"உனக்கு என்ன வேணுமோ அது."

செல்வி யோசித்தாள். காக்காய்கள் தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்ந்து, கத்தி, பறந்து போகும் அளவுக்கு நேரம் யோசித்தாள். கடைசியில், "நீயே சொல்லுண்ணா" என்றாள். நானும் கொஞ்சமும் வெட்கமில்லாமல், எனக்கு வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தேன்.

மேடம் வந்தார். காபி வந்தது. ஏற்பாட்டின்படி அப்பா இருமினார். செல்வி அறையின் நடுவுக்கு வந்து, உதட்டைப் பிதுக்கி, காலை உதைத்து, தரையில் விழுந்து இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று புரண்டு, "எனக்கு சாவி குடுத்தா ஓடற காரு வோணும்" என்று கத்தினாள். எழுந்தாள். அம்மாவிடம் திரும்பி, "செரியா பண்ணேனா மிஸ்?" என்று கேட்டாள்.

சரோஜா மேடம் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்பா தன் பணி ஓய்வுக்குப் பிறகும் மறக்காத சிரிப்பு. அப்புறம் மேடம் செல்வியை என்னோடு வெளியே அனுப்பினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"அடம் சொல்லிக்கொடுத்து வராது சார். என்ன பண்ணாலும் இவங்க நம்மளத் திருப்பி அனுப்ப மாட்டாங்கன்னு அவளுக்கே தோணணும், அன்னிக்குத் தானா வரும். ஒரு பிஸ்கெட் டப்பாவ அவ கைக்கு எட்டற இடத்துல வைங்க, எத்தனை எடுத்தான்னு பார்க்காதீங்க. செருப்ப நீங்க எடுத்து வெளிய வைக்காதீங்க. டீச்சர், நீங்க எங்க போனாலும் அவகிட்ட சொல்லிட்டுப் போங்க. அஞ்சு மணிக்கு வரேன்னு சொன்னா அஞ்சுக்கு வந்துடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

ஒன்றும் செய்யாமலிருப்பது எங்கள் குடும்பத்துக்குப் புரளுவதைவிடக் கடினமாக இருந்தது. அம்மா ஒருநாள் பஸ் கிடைக்காமல், சொன்ன நேரத்தைக் காப்பாற்ற லஸ் முனையிலிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். வீதி முழுக்க அவளிடம் படித்த பிள்ளைகள். செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஜூன் மாதம். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் மூச்சு முட்டும் கூட்டம். அம்மா இரண்டு தண்ணீர்ப் புட்டி வாங்கினாள். எனக்கு நீலம், செல்விக்குச் சிவப்பு. கடையை விட்டுப் பத்தடி வந்திருப்போம்.

"நீலம்" என்றாள் செல்வி.

"அது அண்ணனுதுடா கண்ணு. உன்னுது சிவப்பு, பாரு, எவ்ளோ அழகா இருக்கு."

"எனுக்கு நீலம்."

அம்மா நின்றாள். நானும் நின்றேன். அடுத்த கணம் செல்வி தெரு நடுவில் மரப்பலகை போல மல்லாந்து விழுந்தாள். புரளவில்லை, உதட்டைப் பிதுக்கவில்லை. நான் நடத்திய பாடம் ஒன்றுகூட அதில் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல், அவ்வளவுதான். அதற்கே புடவைக் கடைக்குள் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். தன் துறையில் தன்னைவிடப் பெரிய மேதை ஒருத்தி பிறந்துவிட்டதைக் கண்ணெதிரே காண்கிற வேதனை எனக்கு. அம்மாவோ தூக்கவில்லை, அதட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

ஓரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, கொயந்த இப்டி கத்திக்கினு கெடக்குது, நீ பாட்டுக்கு சிரிச்சிக்கினு நிக்கற? உன் புள்ளதானா இது?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அலறல் நின்றது. செல்வி படுத்த வாக்கிலேயே தலையைத் திருப்பி, மூக்கு ஒழுகப் பூக்காரம்மாளை முறைத்தாள்.

"எங்கம்மாதான்! நீ இன்னா கேக்குற? எங்கம்மா ரொம்ப மோசம்!"

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அலற ஆரம்பித்தாள்.

அம்மா ரங்கநாதன் தெருவின் நடுவே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து எங்களைச் சுற்றிப் போயிற்று. என் நீலப் புட்டி என் தோளிலிருந்து உருவப்பட்டுச் செல்வியிடம் போய்ச் சேர்ந்தது. அநீதியை எதிர்த்து நானும் அங்கேயே அடம் பிடித்தேன். முதுகில் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா முழுக் கதையையும் இரண்டு முறை கேட்டுவிட்டு, மறுநாள் அலுவலகத்திலிருந்து மேடத்துக்குப் போன் செய்து, மாநிலத்தில் முதலிடம் வாங்கிய பெண்ணின் தகப்பனைப் போல, "நடுத்தெருவுல மேடம்! இருபது நிமிஷம்!" என்றாராம். உத்தரவு மழைக்காலத்தில் வந்தது. தலைமாட்டுச் செருப்பு எந்த நாளில் வாசலுக்குப் போனது என்பதை யாருமே கவனிக்கவில்லை.

இன்று விண்ணப்பமும் காத்திருப்பும் கணினிக்குப் போய்விட்டன. சரோஜா மேடமும் இல்லை, அவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த பஸ் எண்ணும் இல்லை. போன வாரம் எங்கள் கதையைக் கேள்விப்பட்டு, அடையாறிலிருந்து ஓர் இளம் தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். மூன்று வயதுக் குழந்தையைத் தத்தெடுத்து மூன்று வாரம் ஆகிறது. "ரொம்ப சமத்து சார், இருக்கற இடமே தெரியல" என்று அந்தப் பெண் பெருமையோடு சொன்னாள். நான் அறிவுரை எதுவும் சொல்லாமல் ஆதம்பாக்கத்துக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன். நாற்பதைத் தாண்டிய செல்வி, தன் இரண்டு பிள்ளைகளையும் கணவரையும் என் ரத்த அழுத்த மாத்திரையையும் ஒரே குரலில் நிர்வகிப்பவள், முக்கால் மணி நேரம் பேசினாள். கடைசியில் சொன்னது மட்டும் எனக்கும் கேட்டது. "பயப்படாதீங்கம்மா, வரும். எங்கண்ணன்கிட்ட மட்டும் டியூஷனுக்கு அனுப்பிடாதீங்க."

எதையும் கேட்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்தச் சமத்துக் குழந்தையை நாங்கள் அன்று ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு வந்தோம். வீட்டில் ஒருவரும் தேடிப் போகவில்லை.