நூற்று நாற்பதாவது கிரெடிட்

எல்லாப் பாடத்திலும் நான் பாஸ். அதுவும் முதல் வகுப்பு. ஆனாலும் எனக்குப் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். போன வைகாசியில் நடந்தது இது. பெருமாளை நம்புகிற உங்கள் எல்லோரிடமும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். நான் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இதில் அதிகம் கிடையாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மகாலட்சுமி. சொந்த ஊர் இராஜபாளையம். அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். வகுப்பில் எப்போதும் முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிடுவேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. தலைக்கனம் அதைவிட ஜாஸ்தி.

அந்தப் பட்டம் வாங்க, பாடத்துக்கு இத்தனை என்று மூன்று வருடத்தில் நூற்று நாற்பது கிரெடிட் புள்ளி சேர்க்க வேண்டும். சி, ஜாவா, டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், கணக்கு, லேப், கடைசியில் ப்ராஜெக்ட். இவற்றோடு தமிழ், இங்கிலீஷ், சுற்றுச்சூழல் கல்வி என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில், பகுதி ஐந்து என்று ஒரு வரி. அதற்கு ஒரே ஒரு கிரெடிட். என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் மாதிரி ஏதாவது சேவையில் சேர்ந்து வேலை செய்தால் போதும். பரீட்சை கிடையாது.

என்னிடம் இருந்தது நூற்று முப்பத்தொன்பது.

பட்டத்துக்கு முன்னால் கொடுக்கிற புரொவிஷனல் சர்டிபிகேட் வாங்கப் போன அன்று, ஆபீஸ் கிளார்க் சார் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒனக்குப் பகுதி அஞ்சு ஏறவே இல்லையே. இது இல்லாம சர்டிபிகேட் வராது" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சார், அது என்ன பெரிய பாடமா? நீங்கதான் ஏத்தாம விட்டுருப்பீங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் என் நம்பரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

கத்தினேனே தவிர, உள்ளுக்குள் பயந்துவிட்டேன். ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும்.

இரண்டாம் வருடம் புரட்டாசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பெருமாள் மலை ஒன்று உண்டே, அந்தத் திருவண்ணாமலையில் எங்களுக்குச் சேவை போட்டிருந்தார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் அந்த மலையில் எள் போட்டால் எள் விழாது. வரிசையை ஒழுங்கு செய்ய வேண்டும், கயிறு பிடிக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், குப்பை பொறுக்க வேண்டும். நாலு சனிக்கிழமையும் காலையில் போய் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். நாலு சனிக்கிழமையும் பத்து மணிக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலைத் தேர்வுக்குப் பயிற்சி செய்தேன். கயிறு பிடிக்கிறதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். கூட நின்ற பிள்ளைகளைப் பார்த்துப் பாவப்படக்கூடச் செய்தேன். அப்போதைய என்.எஸ்.எஸ். சார் எல்லாவற்றையும் கவனித்து, நான் கிளம்பிய நேரத்தை ரிஜிஸ்டரில் குறித்திருக்கிறார். என் பெயரை மட்டும் அனுப்பாமல் விட்டுவிட்டார்.

கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னை கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஆடி மாதம் சேர வேண்டும். சேருகிற அன்று புரொவிஷனல் சர்டிபிகேட் கையில் இல்லையென்றால் வேலை இல்லை. கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பொய் சொன்னேன். "ஆபீஸ்ல தப்புப் பண்ணிட்டாவப்பா. என் பேரை ஏத்தாம விட்டுட்டாவ" என்றேன்.

எங்க அப்பா அதிர்ந்து பேசாத மனுஷன். தறிச் சத்தத்திலேயே இருந்து இருந்து, வீட்டில் அவர் குரல் வெளியே வராது. அவர் மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு காலேஜுக்குப் போனார். கிளார்க் சாரிடம், "எம்மவ ராத்திரி பகலா படிச்சவ. அவ வாழ்க்கைல விளையாடுதீயளா? ஒம்ம வீட்டுப் பிள்ளைன்னா இப்பிடிச் செய்வீரா?" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார். எனக்காக ஊரறியச் சண்டை போட்ட அப்பாவுக்கு முன்னால் சோறு இறங்கவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் மட்டும் அன்றைக்கு அடங்கிப்போனது.

பிரார்த்தனை செய்தேன். என்ன பிரார்த்தனை தெரியுமா? "பெருமாளே, அந்த ரிஜிஸ்டரைக் கரையான் அரிச்சிருக்கணும்." சிரிக்காதீர்கள். பத்து நாள் குளித்து முழுகி விளக்கேற்றி வைத்து இதைத்தான் கேட்டேன்.

பதினோராம் நாள் காலேஜுக்குப் போனேன். பழைய சார் வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது என்.எஸ்.எஸ். பார்க்கிறவர் எனக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் நடத்திய மேடம். பீரோவை இரண்டு தடவை துழாவிவிட்டு, "மகா, ஒங்க பேட்ச் ரிஜிஸ்டர் மட்டும் காணோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேடம் பீரோவைச் சாத்தினார். "நாலு சனிக்கிழமையும் சாயங்காலம் வரைக்கும் நின்னேன்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புதேன். ஒன்னைய எனக்குத் தெரியாதா?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஆனால் அன்றைக்குக் கொடுக்கவில்லை. ஆண்டாள் தாயாருக்கு நன்றி சொல்லிவிட்டு நாளைக்குக் கொடுப்போம் என்று அதை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி ஆண்டாள் கோயிலுக்குப் போனேன். நல்ல காரியம் நடந்தால் முதலில் அங்கே போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

அன்று கூட்டம் இல்லை. சன்னதியில் நேருக்கு நேராக நின்றேன். கை கூப்பினேன். நன்றி சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. எதற்கு நன்றி? நான் பொய் சொல்ல ஏதுவாக ரிஜிஸ்டரைத் தொலைத்துக் கொடுத்ததற்கா? தாயாரைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்து வந்து நிற்கிற இடம் அது. அங்கே நின்று நான் இதுவரை நிஜமாக ஒன்றும் பேசியதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தீர்த்தம் கொடுத்த பட்டர் சுவாமி, "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அங்கே நின்றுதான் என் வாழ்க்கையின் முதல் உண்மையான பிரார்த்தனையைச் செய்தேன். "தாயே, மேடம்கிட்ட உண்மையச் சொல்லிருதேன். அதுக்கு மேல நீ பாத்துக்கோ. எனக்குப் பட்டம் வேணும். எங்க அப்பா மூஞ்சியப் பாத்துப் பேசத் தைரியமும் வேணும்." இவ்வளவுதான். வெளியே வந்து அந்த லெட்டரைக் கிழித்துப் போட்டேன். மனசு லேசானது என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைசியில், "சரி. இந்தப் புரட்டாசிக்கு வா. இப்பப் படிக்கிற பிள்ளைகளோட நாலு சனிக்கிழமையும் முழுசா நில்லு. பொறவு நான் அனுப்புதேன். வேற வழி கிடையாது" என்றார்.

வேலையில் சேர வேண்டியது ஆடி. சேவை புரட்டாசி. அப்படியென்றால் வேலை போச்சு. ஒரு மாதம் வீட்டில் பேயறைந்த மாதிரி திரிந்தேன். கம்பெனிக்கு நடந்ததை அப்படியே எழுதி அவகாசம் கேட்டு மெயில் போட்டேன். உங்கள் மெயில் கிடைத்தது என்று மெஷின் பதில் மட்டும் வந்தது. ஆனாலும் தினமும் விளக்கேற்றினேன். கரையானைக் கூப்பிடவில்லை. நீ பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

சேருவதற்கு ஆறு நாள் இருக்கும்போது மெயில் வந்தது. எனக்கு மட்டும் இல்லை, புதிதாக எடுத்த எல்லோருக்கும். தவிர்க்க முடியாத காரணத்தால் சேருகிற தேதியைத் தள்ளி வைத்திருக்கிறோம். ஐப்பசிக் கடைசியில் வந்தால் போதும்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒப்பாரி. ஊரெல்லாம் சொல்லிட்டோமே, எப்படி வெளியே தலைகாட்டுறது என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். நான் அடுப்படியில் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். "ஏட்டி, வேலை தள்ளிப்போச்சுன்னு ஊரே அழுவுது, நீ என்ன குதிக்க? பித்துப் பிடிச்சிருச்சா?" என்றாள் அம்மா. பிற்பாடு இதைக் கேட்ட ஒரு சிநேகிதி, கம்பெனிகள் இப்படித் தள்ளிப்போடுவது சகஜம்தானே என்றாள். இருக்கட்டும். தள்ளிப்போட அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். எனக்கு யார் தள்ளிப்போட்டது என்று எனக்குத் தெரியும். இதில் நான் யாரோடும் வாதாடப்போவதில்லை.

புரட்டாசி வந்தது. வீட்டில், மேடம் சேவைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். என்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு, அதே தொப்பி, அதே விசில். "அக்கா, நீங்க பாஸ் அவுட் இல்லையா?" என்று கேட்டார்கள். "பாதிதான்" என்றேன். நடுப்படியில் கூட்டம் நெருக்குகிற இடத்தில் கயிறு பிடிக்க விட்டார்கள். முதல் சனிக்கிழமை உள்ளங்கை தோல் உரிந்தது. இரண்டாவது சனிக்கிழமை ஒரு கர்ப்பிணிப் பெண் நெரிசலில் மயங்கினாள். கயிற்றைத் தூக்கி அவளை ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கண் திறந்ததும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். நான் பஸ் ஏறிப் போன அந்தப் பழைய நாலு சனிக்கிழமைகளிலும் இந்த இடத்தில் யார் மயங்கினார்களோ, யார் தண்ணீர் கொடுத்தார்களோ! வெட்கமாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். வரிசையில் ஒரு மொட்டைத் தலை, சந்தனம் பூசி, என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்பா!

"என்னப்பா இது?"

"நீ பட்டம் வாங்குனா முடி இறக்குதேன்னு வேண்டியிருந்தேன்."

"பட்டம் இன்னும் வரலையேப்பா!"

"வராம எங்க போகும்? முடிதான, முன்னாடியே குடுத்தா பெருமாள் வேண்டாம்னா சொல்லப்போறாரு?"

என் பொய்யை நம்பி வேண்டிக்கொண்ட வேண்டுதல் அது. அதற்கு மேல் தாங்கவில்லை. வரிசை நின்றிருந்த அந்த இரண்டு நிமிஷத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அப்பா, ஆபீஸ்ல தப்புப் பண்ணல. நான்தான் பண்ணேன். அன்னைக்கு இங்க நிக்காம வீட்டுக்கு ஓடிவந்துட்டேன். ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அப்பாவின் சிரிப்பு அப்படியே வடிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். கூட்டத்தோடு மேலே போய்விட்டார்.

பின்னாலேயே ஓட வேண்டும் போல இருந்தது. கயிற்றை விட்டால் கூட்டம் சரியும். விடவில்லை. சாயங்காலம் ஆறு மணி வரை அங்கேயே நின்றேன். அழுதுகொண்டே, "வரிசையா போங்க, தள்ளாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நீளமான மத்தியானம் வந்ததில்லை.

கீழே இறங்கி வந்தால், அப்பா ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை போல. பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமல், "அந்த ஆபீஸ் மனுசனைக் கண்டபடி ஏசிட்டனேட்டி" என்றார். "அவரு ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. திங்கக்கிழமை காலேஜுக்கு வாரேன். நீயும் வா."

திங்கட்கிழமை இரண்டு பேரும் போனோம். அப்பா கவுண்டருக்கு வெளியே நின்று கை கூப்பினார். "சார், அன்னைக்கு நான் தெரியாம ஏசிட்டேன். தப்பு எம்மவ மேலதான். மன்னிச்சிருங்க" என்றார். நான் அவர் பின்னால் நின்று, "அன்னைக்கு நானும் கத்திட்டேன் சார். மன்னிச்சிருங்க" என்றேன். கிளார்க் சாருக்கு முதலில் அப்பாவை அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "திருவண்ணாமலையா?" என்று கேட்டார். எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைக்காகத்தான பேசுனீங்க. நானும் ரெண்டு பெத்தவன்தான்" என்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தையே நான் சரியாகப் பார்த்தேன்.

நாலாவது சனிக்கிழமையையும் முடித்தேன். மேடம் என் பெயரை அனுப்பினார். கிளார்க் சார் இரண்டு தடவை யுனிவர்சிட்டிக்குப் போன் போட்டு விடாமல் கேட்டார். சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் சர்டிபிகேட் வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷ் வரிகள் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "இது மொத்தமும் ஒன்னோடதுதானட்டி?" என்றார். "ஆமாப்பா, மொத்தமும்" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. நான் கேட்டிருந்த இரண்டையும் தாயார் கொடுத்துவிட்டாள்.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். வாய் இன்னும் ஜாஸ்திதான். ஆனால் வாட்ச்மேன், கிளார்க், வரிசையில் நிற்கிறவர் என்று யாரையும் பார்க்காமல் தாண்டிப் போவதில்லை. உங்களில் யாருக்காவது ஒரு காரியம் நின்றுபோயிருக்கலாம், கேட்டுக் கேட்டு அலுத்தும் போயிருக்கலாம். நான் உறுதியாகச் சொல்கிறேன், பெருமாள் கேட்கிறார். வளைக்காமல் நெளிக்காமல் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். வருகிற புரட்டாசிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மலைக்கு வந்தால் நடுப்படியில் பாருங்கள். அங்கே கயிறு பிடித்துக்கொண்டு நானும் எங்க அப்பாவும் நிற்போம்.