கார் மேல் ஏறிய சைக்கிள்

சனிக்கிழமை காலை, அளவுநாடாவின் ஒரு முனையைக் கார்க் கூரையின் விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் ஐரின். மறுமுனை மகன் ஜெரோமின் கையில் இருந்தது. அம்மாவுக்கு எட்டாது என்று குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து போட்டிருந்தான்.

"ஆடாம பிடிம்மா. அளவு மாறுது."

"ஊசி போட்ட கைடா இது. பிள்ளைக திமிறுனப்பகூட ஆடுனதில்ல. நாடா உன் பக்கம்தான் ஆடுது, பாரு."

அவர் சொன்னது சரி. ஜெரோம் தன் பக்கத்தை இழுத்துப் பிடித்து அளவைக் குறித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வீட்டுவேலை அதுதான். அடுத்த வியாழக்கிழமை அந்தக் கை குளிர்ந்துபோயிருந்தது.

ஜெரோம் ஓசூரில் கார் உதிரிபாகங்களை வடிவமைக்கும் பொறியாளன். அடுத்த மாதம் அவனை இரண்டு வருடத்துக்குப் புனேவுக்கு அனுப்புகிறார்கள். போனில் அதைச் சொன்னபோது, "நல்லது அப்பு. அங்க சாப்பாடெல்லாம் எப்பிடி?" என்று மட்டும்தான் ஐரின் கேட்டார். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு விடுமுறையிலும், அம்மா தனியாகவே சமாளித்துக்கொள்ளும்படி வீட்டை ஒழுங்கு செய்தான். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நின்றது. படிக்கட்டில் கைப்பிடி முளைத்தது. கடைசியாக மிஞ்சியது சைக்கிள்.

ஐரின் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். வடமதுரைக்கு அப்பால் உள்ள ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த லேடீஸ் சைக்கிளில்தான் போனார். கூட வேலை பார்த்தவர்கள் ஸ்கூட்டி வாங்கினார்கள். அவர் வாங்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் ஆபீசர் வருகிறார் என்று பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள், சைக்கிள் மணி கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள் என்பார். கணவர் ஞானராஜ் இறந்தபோது ஜெரோம் ஏழாம் வகுப்பில் இருந்தான். காரியமெல்லாம் முடிந்த மறுவாரமே சைக்கிளை எடுத்துவிட்டார். உட்கார்ந்து அழ நேரம் இருந்ததா என்று மகன் ஒருமுறை கேட்டான். "மிதிக்கும்போது அழுகுறதுதான். எதிர்க்காத்துல எவனுக்குத் தெரியும்?" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி அதில் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வந்தார். ஆனாலும் விடிந்தால் சைக்கிள் வேண்டும். போன வருடம் பைபாஸ் அருகே ஒரு லாரி அவரை உரசிக்கொண்டு போனது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அன்றிலிருந்து டவுனுக்குள் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று ஜெரோம் தடை போட்டான். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வடமதுரைப் பக்கம் போய், வண்டி வராத கிராமச் சாலையில் ஓட்டிவிட்டு வரட்டும். அவனுடைய திட்டம் அது.

அந்தச் சனிக்கிழமை அளவோடு போனபோது, கார் உதிரிபாகக் கடை வைத்திருந்த சதாம் இரண்டு வகைக் கேரியர்களை எடுத்துக் காட்டினான். ஒன்று டிக்கியில் பட்டைபோட்டு மாட்டுவது. இன்னொன்று கூரைமேல் குறுக்குக் கம்பிகளில் பொருத்துவது. ஜெரோம் முதலாவதைத் தொட்டான்.

"இதுதான். இடுப்பு உயரம். அம்மா ஒத்த ஆளாவே மாட்டிக்கலாம்."

"நம்பர் பிளேட்ட மறைக்கும். போலீசு பிடிப்பான்," என்றார் ஐரின்.

"கீழ இன்னொரு நம்பர் பிளேட் வச்சுக்கலாம்மா."

"பின்னாடி எவனாச்சும் வந்து இடிச்சான்னா? மொதல்ல சாகுறது என் சைக்கிளு."

"மேல வச்சா நீ எப்பிடி ஏத்துவ? பதினெட்டுக் கிலோ. தலைக்கு மேல தூக்கணும்."

"தம்பி, மேல வைக்கிறது ஸ்ட்ராங்கா?" என்று சதாமிடம் திரும்பினார்.

"ஸ்ட்ராங்குதாம்மா. ஆனா லேடீஸ் சைக்கிள்ல பார் இல்லைல்ல, கவ்விப் பிடிக்க எடம் இருக்காது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல தனியா ஒரு பார் மாட்டணும்."

"மாட்டு. இம்புட்டு வயசுக்கு மேல அது ஆம்பளை சைக்கிளாகட்டும்."

சதாம் சிரித்துவிட்டான். ஜெரோமுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் கேட்டது ஒன்றே ஒன்று, தான் இல்லாதபோதும் நடக்க வேண்டும் என்பது. அதில்தான் கூரைக் கேரியர் தோற்றது. எவ்வளவு சொல்லியும் ஐரின் அசையவில்லை. பணம் கொடுப்பது அவர், கார் அவருடையது. சாயங்காலத்துக்குள் கேரியர் கூரைமேல் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். வடமதுரை தாண்டிக் கிராமச் சாலையில் காரை ஓரங்கட்டி இருவரும் சைக்கிளை இறக்கினார்கள். அவன் பின்சக்கரத்தைத் தாங்கினான், ஸ்டூலில் ஏறி நின்ற ஐரின் முன்சக்கரத்தைத் தாங்கினார். ஒருவர் விட்டால் இன்னொருவர் தலையில் விழும். பிறகு அவர் மிதித்துக்கொண்டு போக, ஜெரோம் காரில் பின்னாலேயே ஊர்ந்தான். சோளக்காட்டு ஓரம் ஆடு மேய்த்துக்கொண்டே, யாரோ கார்மேலிருந்து சைக்கிள் இறக்குவதைத் தூரத்தில் பார்த்திருந்த மாயம்மாள் மணிச்சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவளுடைய மூன்று பிரசவத்தையும் பார்த்தவர் ஐரின்.

"நர்சம்மாவா! என்ன இது, நாங்க காருக்குள்ள போக வழியில்லாம கெடக்கோம், உங்க சைக்கிளு காரு மேல ஏறி வருதாக்கும்?"

"அதுக்கும் வயசாயிருச்சு மாயம்மா. இம்புட்டு நாளா என்னையச் சொமந்துச்சு. இப்ப நாங்க சொமக்குறோம்."

"பின்னால வாறது ஆரு, மகனா? இந்த மாதிரி காவக்காரன் எங்களுக்கும் ஒருத்தன் கெடைச்சா நல்லாருக்கும்."

"ரெண்டு வாரத்துக்குத்தான் அவன். அப்புறம் புனேக்குப் போயிருவான்."

அதைச் சொன்னபோது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று ஜெரோமுக்குத் தெரியாது. கண்ணாடி வழியே முதுகு மட்டும்தான் தெரிந்தது.

திரும்பி வந்து வீட்டு கேட்டுக்குள் காரை விடும்போது, "ஏலே, நிறுத்து!" என்று ஐரின் கத்தினார். காலையில் சைக்கிளைத் தெருவில் வைத்து ஏற்றியதால் தெரியவில்லை; இப்போது அதன் ஹேண்டில்பார் போர்ட்டிகோ கான்கிரீட்டில் மோத ஒரு சாண்கூட இல்லை. காரின் நீளம், கம்பிகளின் இடைவெளி, சைக்கிளின் எடை என்று எல்லாவற்றையும் அளந்தவன் தன் வீட்டுப் போர்ட்டிகோவின் உயரத்தை அளக்கவில்லை.

ஐரின் இறங்கி நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. "இஞ்சினியரு! இதுக்கா காலேஜுக்கு அம்புட்டுக் கொட்டிக் குடுத்தேன்?" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அன்று இரவு ஜெரோம் ஓசூருக்குப் பஸ் ஏறும்வரை, நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வியாழன் காலை பக்கத்து வீட்டு லிடியா போன் செய்தாள். பால் பாக்கெட் வெளியிலேயே கிடக்கிறது, கதவைத் தட்டினால் சத்தமில்லை என்றாள். கதவை உடைத்தார்கள். தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் டாக்டர். தானாக நிற்கும் மோட்டாரும் கைப்பிடியும் இருந்த இடத்தில் இருந்தன.

புனே போவதைக் கம்பெனி ஒரு மாதம் தள்ளிவைத்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் காரை விற்க ஏற்பாடு செய்தான் ஜெரோம். வாங்குகிறவர் கேரியர் வேண்டாம் என்றார். கழற்றுவதற்காகச் சதாம் கடைக்குப் போனான்.

சதாம் ஸ்பானரை எடுத்தான். எடுத்தவன் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணே, கேரியர் மாட்டுன மறு திங்கக்கிழம அம்மா கடைக்கு வந்தாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எதுக்கு?"

"மேல இன்னொரு சைக்கிள் வைக்கிற தட்டு வேணும்னு எடுத்து வைக்கச் சொன்னாங்க. உங்க பழைய சைக்கிள் வீட்ல கெடக்காம்ல? அத ரிப்பேர் பண்ணி, நீங்க புனே போறதுக்கு முந்தி வர்ற ஞாயித்துக்கிழம ரெண்டையும் மேல ஏத்தி ஒண்ணா ஓட்டணும்னாங்க. 'சொல்லிராத, அவனுக்குத் தெரியக் கூடாது'ன்னாங்க."

சதாம் தயங்கித் தயங்கி மேலே பேசினான்.

"நான்தான் கேட்டேன், ஏம்மா, அண்ணன் அம்புட்டு சொல்லியும் இதத்தான் வேணும்னீங்க, ஒத்த ஆளா ஏத்த முடியாதேன்னு. 'அதுக்குத்தான்டா வாங்குனேன்'ன்னாங்க. 'பின்னாடி மாட்டுறத வாங்கிட்டா, அம்மா பாத்துக்கிரும்னு அவன் பாட்டுக்கு இருந்துருவான். இது அவன் வராம ஏறாது'ன்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்கண்ணே."

"கழட்டவா?" என்று ஸ்பானரை மறுபடி எடுத்துக்கொண்டு கேட்டான்.

"வேணாம்," என்றான் ஜெரோம். காரை வாங்குகிறவருக்குப் போன் செய்து விற்கவில்லை என்று சொன்னான். காரணம் கேட்டார். போனை வைத்துவிட்டான்.

வீட்டின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, பத்தாம் வகுப்பில் அம்மா வாங்கிக் கொடுத்த சைக்கிள் நின்றது. இந்த ஒரு மாதத்தில் அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை. சட்டத்தில் பாதிவரை துரு தேய்த்து எடுக்கப்பட்டிருந்தது. செயினுக்கு அம்மா எண்ணெய் விட்டிருந்தார். இரண்டு டயரும் தரையோடு படிந்து கிடந்தன. ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே பிரிக்காத அட்டைப்பெட்டியில் இரண்டு புது டியூப்கள். இனி தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய், வீரன் சைக்கிள் கடையில் டியூப் மாற்ற வேண்டியதுதான் பாக்கி.