மைக் செட் அக்கா வீட்டுக்காரரை நிற்கவைத்த கதை

அந்த ஊரில் மைக் செட் அக்கா சுவிட்சைத் தட்டினால்தான் அரசியல் பேசும். அவளுடைய ஸ்பீக்கர் சத்தத்துக்கு அடுத்த ஊர் எருமை எழுந்து உட்காரும், நான் பார்த்திருக்கிறேன்.

மேடையேறுகிறவர் முதலில் எதிராளியின் கருத்தை, அந்த எதிராளியே தலையாட்டும்படி சொல்லவேண்டும். அதுவரை மைக் கிடையாது, வெறுந்தொண்டைதான். இருபது வருஷமாக இதுதான் வழக்கம். அமைச்சருக்குக்கூட அக்கா விட்டுக்கொடுத்ததில்லை.

இந்தத் தேர்தலில் ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்று நின்றவர் அவள் வீட்டுக்காரர். படகே போதும் என்று நின்றவள் தையல்காரம்மா.

"எனக்கு மட்டும் இன்னிக்கு விட்டுடேன். தலைவர் வேற வர்றாரு, மானம் போயிடும்" என்று வீட்டுக்காரர் கெஞ்சினார்.

"உங்களுக்கு விட்டா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? இருபது வருஷமும் ஒரே சாயங்காலத்துல போயிடும்."

மேடையேறியதும் மனுஷன், "படகுக்காரங்க சோம்பேறிங்க!" என்று முழங்கினார். மைக் மூச்சு விடவில்லை. முன்வரிசையில் தையல்காரம்மா இல்லையென்று தலையசைத்தாள். கூட்டம் சிரித்தது.

"அக்கா, கட்டுன புருஷனையே இப்படி நிக்கவைக்கறீங்களே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"புருஷன் வீட்ல. இங்க வேட்பாளர்" என்றாள் அக்கா.

அவர் விடுவிடுவென இறங்கிப்போய்த் தையல்காரம்மா எதிரே நின்றார். "நீயே சொல்லு தங்கச்சி, பாலம் ஏன் வேணாங்கற?"

அவள் சொன்னாள். இவர் முகம் மாறியது. மறுபடி ஏறினார்.

"பாலம் வர்ற இடத்துல பத்தொன்பது வீடு இருக்கு. இடிச்சா அவங்க எங்க போவாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல. இந்தம்மா யோசிச்சுது."

தையல்காரம்மா தலை ஆடியது. அக்கா சுவிட்சைத் தட்டினாள்.

"அப்பவும் பாலம் வேணும்! ஆனா அந்த வீடுங்களைச் சுத்திப் போற பாலம்!"

அந்தச் சத்தத்துக்கு ஆற்று மீனெல்லாம் துள்ளிக் கரையேறியது என்பார்கள். முதல் கைதட்டல் தையல்காரம்மாவுடையது.

தேர்தலில் ஜெயித்ததும் அவள்தான். ஜெயித்த கையோடு ஆளனுப்பி, "அண்ணே, சுத்திப் போற பாலம்னீங்களே, நீங்களே முன்னாடி நின்னு கட்டுங்க" என்றாள். தோற்ற மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்.

பாலம் இன்று பத்தொன்பது வீட்டையும் மரியாதையாக வளைத்துக்கொண்டு போகிறது. வெளியூர்க்காரர்கள் கட்டினவன் குடிகாரனோ என்று கேட்கிறார்கள். அக்காவின் வண்டி வந்தால் மட்டும் வளைவுக்கு வளைவு வாசலில் ஆள் நின்று கையசைக்கிறது. அவளும் ராணி மாதிரி கையசைத்துக்கொண்டே போகிறாள்.