போத்தலுக்குக் காய்ச்சல்

போன மாதம் இந்தப் பக்கத்தில் வைனைப் பற்றி எழுதியிருந்தேன்... ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு வைனை அறை வெப்பநிலையில்தான் பரிமாற வேண்டும் என்று அடித்துச் சொன்னேனே? அதுவரை நான் வைன் குடித்தது இரண்டே தடவை. இரண்டும் கல்யாண வீடு. அதில் ஒன்று பிளாஸ்டிக் கப்.

இந்த விவரத்தை நான் எழுதவில்லை. அதனால் என் மனைவியின் தம்பி சந்திரன் என்னை நம்பிவிட்டான்.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில், குளிருக்குப் பேர்போன கந்தப்பளையில் புதிதாக ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் திறந்திருக்கிறான். சனிக்கிழமை அவனிடமிருந்து போன்.

"மச்சான், பிரான்ஸ்லேருந்து புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரு வந்திருக்காங்க. டூர் கம்பெனி நடத்துறவங்க. நம்ம எடம் புடிச்சிருச்சுன்னா வருசம் பூரா ஆள் அனுப்புவாங்களாம். சாப்பாட்டோட குடிக்க அவங்க ஊரு வைன் ஒரு போத்தல் குடுத்திருக்காங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எல்லாம் தெரிந்த நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போத்தலில் 'போஜொலே' என்று எழுதியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மறுபக்கம் தெரிந்தது. பால் ஊற்றாமல், சாயமும் சரியாக இறங்காத பிளேன்டி மாதிரி ஒரு சிவப்பு.

"கொஞ்சம் வீக்கான சரக்கு. இதைத் தூக்கி நிறுத்த ஆட்டிறைச்சி வேணும், நல்லா காரமா" என்றேன்.

சந்திரனின் மனைவி மல்லிகா கோழி ரோஸ்ட், லீக்ஸ் பொரியல், உருளைக்கிழங்கு எல்லாம் செய்து முடித்திருந்தார். அத்தனையையும் ஓரம்கட்டிவிட்டு ஆட்டிறைச்சி சமைக்கச் சொன்னேன்.

"அவங்க காரம் தாங்குவாங்களாண்ணே?"

"வைன் தாங்கும் மல்லிகா."

அடுத்தது வெப்பநிலை. கந்தப்பளையில் ஏது அறை வெப்பநிலை? தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடக்கிற ஊர் இது. தலையில் தேய்ப்பதற்கே அதை அடுப்போரம் வைத்து உருக்குகிறோம். வைனுக்கு மட்டும் வேறு வழியா என்ன? எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்திலேயே வைனையும் வைத்தேன். அவ்வப்போது திருப்பியும் விட்டேன் — எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேற வேண்டுமே!

சாப்பாட்டு மேசையில் அந்தப் பிரெஞ்சுக்கார அம்மா போத்தலைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துவிட்டு, மறுபடியும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: இதற்குக் காய்ச்சலா?

அவருடைய கணவர் இறைச்சியில் ஒரு துண்டு, சுடு வைனில் ஒரு வாய் எடுத்துக்கொண்டார். கண்ணில் நீர் கொட்டியது. இருமலுக்கு நடுவே தண்ணீர் கேட்டார்.

சந்திரன் என்னைப் பார்த்தான். வருசம் பூரா வரவேண்டிய ஆட்கள் எல்லாரும் நானுஓயா ஸ்டேஷனில் இறங்காமலே திரும்பிப் போவது அந்தப் பார்வையில் தெரிந்தது.

அந்தம்மா அலட்டிக்கொள்ளவில்லை. போத்தலை மூடி, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் வைத்தார். மல்லிகா அவசர அவசரமாகக் கோழியையும் லீக்ஸையும் சூடுபண்ணிக் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தம்மா எல்லாருக்கும் ஊற்றினார். குற்றவாளிக்கும் ஒரு கிளாஸ்.

முகர்ந்தால்... நுவரெலியா ஸ்ட்ராபெரி வாசம். சூட்டில் வெறும் ஸ்பிரிட் நெடி அடித்த அதே வைன்தானா இது? நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு இல்லை. சின்னதாக ஒரு புளிப்பு. கோழியோடும் கிழங்கோடும் சண்டை போடாமல் இறங்கியது.

இது இலேசான வைன், கொஞ்சம் குளிர்ந்திருந்தால்தான் ருசி என்றார் அந்தம்மா. கோழி, பருப்பு, மீன்கூட இதற்குப் பொருந்துமாம். காரம் மட்டும் அளவோடு இருக்கவேண்டுமாம். "உங்கள் அறையின் குளிரே இதற்குச் சரியான அளவு" என்று முடித்தார்.

அதாவது, நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும்.

வெட்கமாக இருந்தது. மெல்லிய நிறம், நல்ல மணம் — இதைச் சொல்லித்தானே எங்கள் ஊர்த் தேயிலையைப் பற்றிப் பெருமை பேசுகிறோம்? அதே குணம் அடுத்தவர் போத்தலில் இருந்தால் மட்டும் 'வீக்' ஆகிவிடுகிறது.

மறுநாள் சந்திரன் பஸ் ஏற்றிவிட வந்தான். முகத்தில் சிரிப்பு.

"ஆள் அனுப்புறாங்களாம் மச்சான். ஒண்ணே ஒண்ணு... அவங்க வர்றப்ப நீங்க வராதீங்க. பத்திரிகையில எழுதுறதோட நிறுத்திக்கங்க."

நிறுத்திக்கொண்டேன்.